கை வறண்டு வெடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரல் நுனியில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு இருந்தாலே போதும், சட்டைப் பொத்தான் போடுவதுகூட வலிக்கும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை கை நனையும்போதும் சுருக்கென்று பிடுங்குவது அனுபவிப்பவருக்குத்தான் தெரியும். இதைப் பற்றி எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பதிலை நேராகச் சொல்கிறேன். எந்தக் கிரீம் வாங்குவது என்பதிலேயே பலரும் நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். கை கழுவி முடித்த அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் அதைவிட முக்கியம். கீழே வரும் பல பதில்களும் அங்கேதான் வந்து நிற்கும்.

உடம்பில் வேறெங்கும் இல்லாமல் கை மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

தோலின் மேல்மட்டத்தில் இறந்த செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் கலந்த ஒரு கொழுப்புப் பொருள் நிரம்பியிருக்கிறது. செல்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கொழுப்புதான் நடுவே பூசிய கலவை. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கிற சோப்பும் ரசாயனமும் உள்ளே இறங்காமலும் பார்த்துக்கொள்வது அதுதான். ஆனால் சோப்புக்கு, கையில் ஒட்டிய பிசுக்கு எது, தோலின் சொந்தக் கொழுப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விடும். எப்போதாவது ஒருமுறை என்றால் தோல் தானே சரிசெய்துகொள்ளும். அது சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த முறை, அதற்குள் இன்னொரு முறை என்று காலையிலிருந்து இரவுவரை கழுவிக்கொண்டே இருந்தால் என்ன செய்யும் பாவம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். புறங்கையிலோ தோல் மெல்லியது. ஈரம் போன தோல் வளைந்து கொடுக்காது என்பதால் விரலை மடக்கி நீட்டும் இடங்களில் கிழிகிறது. விரல் கணு, கட்டைவிரல் ஓரம், நகத்தை ஒட்டிய நுனி ஆகிய இடங்களில் முதலில் வெடிப்பதற்கு இதுதான் காரணம். குளிர்காலக் காற்று, ஏ.சி., ஹீட்டர் இவையெல்லாம் காற்றின் ஈரப்பதத்தைக் குறைத்து இதை இன்னும் மோசமாக்கும்.

சிலருக்குப் பிறவியிலேயே தோலின் காப்பு பலவீனமாக இருக்கும். ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறைபாடு பரம்பரை வறட்சிக்கும் எக்ஸிமா என்ற, சிறுவயதில் அரிப்போடு வரும் தோல் அழற்சிக்கும் காரணமாகிறது என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். ஒரே வேலையை ஒரே சோப்பில் செய்கிற இருவரில் ஒருவருக்கு மட்டும் கை வெடிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, உனக்கு மட்டும் ஏன்?" என்று யாராவது கேட்டால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதே வெடித்து எரிகிறது. இன்று இரவு என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கையை ஊறவையுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம், உப்பு, சோப்பு எதுவும் போட வேண்டாம். எடுத்ததும் துண்டால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே வாஸ்லின் மாதிரியான பெட்ரோலியம் ஜெல்லியை, கை பளபளக்கும் அளவுக்குத் தாராளமாகத் தடவி, மேலே ஒரு ஜோடி பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். கையுறை இல்லையென்றால் சுத்தமான பருத்திக் காலுறையும் போதும். ஊறவைத்துவிட்டு ஒன்றும் தடவாமல் விடுவதுதான் ஆபத்து. ஊறிய ஈரம் காயும்போது முன்பைவிட வறண்டுபோகும்.

ஒரே இரவில் பிளவு மூடிவிடாது. ஆனால் காலையில் தோல் இளகியிருக்கும், மடக்கும்போது வலி குறைந்திருக்கும். இதைத் தொடர்ந்து ஒரு வாரம் இரவில் செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை: பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய துணி எளிதில் தீப்பற்றும், பற்றினால் வேகமாக எரியும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்தக் கையுறையோடு அடுப்பு, சிகரெட், மெழுகுவர்த்தி பக்கம் போகவே கூடாது.

ஒரு விரலில் மட்டும் ஆழமான பிளவு, மூடவே மாட்டேன் என்கிறது.

அது மூடாததற்குக் காரணம், நீங்கள் விரலை மடக்கும்போதெல்லாம் அது மறுபடி திறப்பதுதான். இரண்டு ஓரங்களும் அசையாமல் சேர்ந்திருந்தால் சில நாட்களில் ஒட்டிக்கொள்ளும். கழுவித் துடைத்து, பிளவுக்குள் கொஞ்சம் வாஸ்லின் வைத்து, மேலே பிளாஸ்டர் அல்லது ஹைட்ரோகொலாய்டு பட்டை (புண்ணின் கசிவை உறிஞ்சி ஜெல்லாக மாறும் ஒட்டுப் பட்டை) ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டர் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரத்தோடு விட்டால் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துவிடும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் திரவ பிளாஸ்டர் இன்னொரு வழி. தடவும்போது ஒரு நொடி எரியும், பிறகு ஒரு படலமாக மூடிக்கொள்ளும். சிலர் சாதாரண சூப்பர் குளூவையே பயன்படுத்துகிறார்கள். மருத்துவத்துக்கென்று தயாரிக்கும் பசையும் அதே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான் என்றாலும், கடையில் வாங்கும் பசை தோலுக்காகச் செய்ததல்ல, சிலருக்கு ஒவ்வாமையும் வரும். அதனால் திரவ பிளாஸ்டரையே நான் சொல்வேன். சீழ், வீக்கம் இருக்கிற பிளவை எதைக் கொண்டும் அடைத்து மூடாதீர்கள்.

பிளவின் ஓரத்தில் தடித்து நிற்கிற தோலை நகவெட்டியால் வெட்டுகிற, பல்லால் கடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

எந்தக் கிரீம் நல்லது?

விலையையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேவையானவை இரண்டு வகை. ஒன்று, ஈரத்தை இழுத்துப் பிடிப்பது: கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம், ஹயலுரானிக் அமிலம். இன்னொன்று, அந்த ஈரம் போகாமல் மேலே மூடுவது: பெட்ரோலியம் ஜெல்லி, டைமெதிகோன், லானோலின், பாரஃபின். இரண்டும் சேர்ந்திருந்தால் நல்லது. செரமைடு சேர்த்தவையும் நல்லவைதான், ஆனால் அது இல்லை என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

லோஷன், கிரீம், களிம்பு என்று போகப்போகத் தண்ணீரின் அளவு குறைந்து கொழுப்பின் அளவு கூடும். பம்ப்பை அழுத்தினால் நீராக வழிகிற லோஷன் வெடித்த கைக்குப் போதவே போதாது. பகலுக்குக் கெட்டியான கிரீம், இரவுக்குக் களிம்பு. பெட்ரோலியம் ஜெல்லிக்கு 1872இல் ராபர்ட் செஸ்ப்ரோ அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். நூற்றைம்பது வருடம் தாண்டியும் ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் அதோடு போட்டி போடுகிற பொருட்கள் மிகக் குறைவு. விலையும் குறைவு, வாசனைப் பொருள் சேர்க்காததாக வாங்கினால் ஒவ்வாமை வருவதும் மிக அரிது.

யூரியாவில் அளவைப் பாருங்கள். 5 முதல் 10 சதவீதம் ஈரம் பிடிக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலைக் கரைத்து உரிக்கும், குதிகாலுக்குச் சரி, திறந்த பிளவு இருக்கும் விரலுக்குச் சரியல்ல.

எவ்வளவு தடவ வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை முறை?

ஒவ்வொரு முறை கழுவிய பிறகும். ஆமாம், ஒவ்வொரு முறையும். கையைத் துடைத்த உடனே, தோலில் ஈரப்பசை இருக்கும்போதே. காலையிலும் இரவிலும் தடவினால் போதும் என்று நினைத்து, நடுவில் பத்து முறை கழுவுகிறவர்களுக்கு எந்தக் கிரீமும் வேலை செய்யாது, பிறகு கிரீமைக் குறை சொல்வார்கள்.

இது நடைமுறையில் நடக்க வேண்டுமென்றால் கிரீம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். சமையலறைத் தொட்டி பக்கத்தில் ஒன்று, குளியலறையில் ஒன்று, பையில் ஒன்று, வேலை செய்கிற மேசையில் ஒன்று. அலமாரிக்குள் மூடி வைத்திருக்கும் ஒரு விலை உயர்ந்த டப்பாவைவிட நாலு இடத்தில் நாலு சாதாரண டியூப் மேல். தடவும்போது உள்ளங்கையில் தேய்த்து முடித்துவிடாமல், புறங்கை, விரல் இடுக்கு, நகத்தைச் சுற்றி, விரல் நுனி எல்லாம் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் விடுகிற இடம் விரல் நுனி, பெரும்பாலும் வெடிக்கிற இடமும் அதுதான்.

பிசுபிசுவென்று இருக்கிறது. போனைத் தொட முடியவில்லை, பேப்பரைத் தொட முடியவில்லை.

நியாயமான புகார்தான். பகலில் டைமெதிகோனும் கிளிசரினும் உள்ள கிரீம் எடுங்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் உலர்ந்துவிடும். பட்டாணி அளவு முதலில் புறங்கையில் வைத்து, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று தேய்த்து, மிச்சத்தை விரல்களுக்குக் கொண்டுபோனால் உள்ளங்கை வழுக்காது. பிசுபிசுப்பை எல்லாம் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் தடவினால் போதாதா?

எதுவும் தடவாமல் இருப்பதற்கு எண்ணெய் எவ்வளவோ மேல். ஆனால் எண்ணெயில் தண்ணீர் கிடையாது, ஈரத்தைப் பிடிக்கும் பொருளும் கிடையாது, மூடி வைக்கும் திறனும் பெட்ரோலியம் ஜெல்லி அளவுக்கு வராது. தடவுவதாக இருந்தால் ஈரக் கையில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் பரவாயில்லை. ஆலிவ் எண்ணெய் வேண்டாம் என்பேன். அதில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம் தோலின் காப்பைக் குலைக்கிறது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. வாசனைக்காகச் சேர்க்கும் மூலிகைத் தைலங்கள் வெடித்த தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை, "இயற்கை" என்று எழுதியிருந்தாலும்.

எலுமிச்சை, சோடா உப்பு, சர்க்கரை ஸ்க்ரப்?

வேண்டாம். எலுமிச்சை புண்ணில் எரியும், அதோடு வெயிலில் போனால் கொப்புளமும் கருமையும் வரலாம். சோடா உப்பு, சோப்பு மாதிரியே, அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது. ஸ்க்ரப் ஏற்கெனவே கிழிந்த தோலை இன்னும் கிழிக்கும்.

கை கழுவாமல் இருக்க முடியாதே?

கழுவத்தான் வேண்டும். கழுவும் விதத்தை மாற்றலாம். வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த தண்ணீர் போதும். சூடான தண்ணீர் கிருமியைக் கூடுதலாக எடுக்காது, கொழுப்பைத்தான் கூடுதலாக எடுக்கும். தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, அதன் பி.எச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 5ஐ ஒட்டி இருக்கும், கட்டி சோப்பின் பி.எச் பெரும்பாலும் 9, 10 என்று இருக்கும். சோப்பு சேராத, வாசனை சேர்க்காத மிதமான கிளென்சர் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தாலும் துணி துவைக்கும் பொடியாலும் கையைக் கழுவவே கூடாது. மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். அதன் அடியில் தங்கும் சோப்பு அந்த இடத்தை மட்டும் தனியாகப் புண்ணாக்கும். கழுவி முடித்ததும் விரல் இடுக்கு உள்பட ஒற்றித் துடையுங்கள்.

சானிடைசர் இன்னும் மோசமில்லையா? எரிகிறதே!

எரிவது ஏற்கெனவே இருக்கிற பிளவில் ஆல்கஹால் படுவதால். ஆனால் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுவதைவிட ஆல்கஹால் திரவம் தோலுக்குக் குறைவான சேதமே செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் 1.45 சதவீதம் கிளிசரால் சேர்ப்பதே தோலைக் காப்பதற்குத்தான். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது சானிடைசர் போதும். அழுக்கு தெரியும்போதும், கழிப்பறை போய்வந்த பிறகும், வீட்டில் வயிற்றுப்போக்கு உள்ளவர் இருக்கும்போதும் சோப்பும் தண்ணீரும்தான். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யத் தேவையில்லை.

கையுறை போட்டால் கை இன்னும் மோசமாகிறது.

ஆகும், தப்பாகப் போட்டால். உள்ளே வியர்த்து, அந்த ஈரத்திலேயே கை ஊறிக்கொண்டிருந்தால் அதுவும் தண்ணீரில் கை வைத்திருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உலர்ந்த கையில், கிரீம் நன்றாக இறங்கிய பிறகு, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே நைட்ரைல் அல்லது வினைல். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிக் காற்றாட விடுங்கள், உள்கையுறை நனைந்தால் மாற்றுங்கள், ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். லேடெக்ஸ் கையுறை போடுகிறவர்கள் அடியில் வாஸ்லின் தடவக் கூடாது, அது ரப்பரை இளக்கிவிடும்.

கையுறை போட வேண்டிய இடம் பாத்திரமும் துணியும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு துடைக்கும் திரவம், வண்டி கழுவுவது, தோட்ட மண், பெயிண்ட், தின்னர், சிமென்ட், பச்சை வெங்காயம் பூண்டு உரிப்பது, குளிரில் வெளியே போவது எல்லாம் இதில் வரும். பூண்டில் ஒரு விசேஷம் உண்டு. அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, பூண்டைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனி மட்டும் வெடிக்கும். வலது கையால் கத்தி பிடிப்பவருக்கு இடது கையில். இப்படி ஒரு வடிவம் தெரிந்தால் சமையலைச் சந்தேகப்படுங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகுமா?

உடம்புக்குப் போதுமான தண்ணீர் குடியுங்கள், அது வேறு விஷயம். குடிக்கிற தண்ணீர் கையின் மேல்தோலில் போன கொழுப்பைத் திரும்பக் கொண்டுவராது.

கிரீம் போட்டாலே எரிகிறது, சிவக்கிறது. நிறுத்திவிடவா?

திறந்த பிளவில் யூரியா, லாக்டிக் அமிலம் பட்டால் சில நிமிடம் எரிவது சகஜம். அப்படியென்றால் பிளவு மூடும்வரை வெறும் பெட்ரோலியம் ஜெல்லிக்கு மாறுங்கள். ஆனால் தடவிய இடமெல்லாம் அரித்து, மறுநாள் சிவந்து தடித்து, சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் அது ஒவ்வாமை. வாசனைப் பொருட்களும் பதப்படுத்திகளும்தான் முதல் சந்தேகம். மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தியால் அவ்வளவு பேருக்கு ஒவ்வாமை வந்ததால், தடவி அப்படியே விடும் அழகுப் பொருட்களில் அதைச் சேர்க்க 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. கழுவிவிடும் சோப்பு, ஷாம்பூ, வீடு துடைக்கும் திரவங்களில் அது இன்னும் இருக்கலாம். லேபிளைப் படியுங்கள், மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், மணமே தெரியாத கிரீமிலும் வேறு வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருப்பார்கள்.

எல்லாம் செய்தும் மாதக்கணக்கில் சரியாகவில்லை. வேறு ஏதாவது நோயா?

இருக்கலாம், இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். வறட்சியும் வெடிப்பும் மட்டும் இருந்தால் ஒரு விஷயம். அதோடு அரிப்பு, சிவப்பு, நீர் கோத்த கொப்புளம் என்று வந்தால் அது கை எக்ஸிமா. ஒரு வருடத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு வருகிற அளவுக்குப் பரவலான நோய், வெட்கப்பட ஒன்றுமில்லை, அடுத்தவருக்குத் தொற்றவும் தொற்றாது.

ஒரு கை மட்டும் மாவு படிந்த மாதிரி வறண்டு உரிகிறது, மற்றது நன்றாக இருக்கிறது என்றால் காலைப் பாருங்கள். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணோ பாதத்தில் உரிதலோ இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. இரண்டு கால், ஒரு கை என்பது இதற்கே உரிய அடையாளம். எவ்வளவு மாய்ஸ்சரைசர் போட்டாலும் இது போகாது. தெளிவான எல்லையோடு தடித்த செதில் திட்டுகள், முழங்கையிலோ தலையிலோ அதே மாதிரி இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். இரவில் அரிப்பு தாங்க முடியவில்லை, விரல் இடுக்கில் பொடிப்பொடியாக இருக்கிறது, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள் என்றால் சிரங்கு. தைராய்டு குறைபாடும் சர்க்கரை நோயும்கூட உடம்பு முழுக்கத் தோலை வறட்டும்.

காரணம் பிடிபடாவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். நிக்கல், ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள், சிமென்ட்டில் உள்ள குரோமேட், தலைமுடிச் சாயம் இதெல்லாம் அதில் பிடிபடும். எது என்று தெரிந்துவிட்டால் அதன் பிறகு வாழ்க்கை எவ்வளவோ சுலபம்.

மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள், இரண்டே நாளில் சரியாகி, நிறுத்தினால் திரும்ப வருகிறது.

அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல, எக்ஸிமாவுக்கு மருத்துவர்கள் முதலில் தருவதே அதுதான், பயந்து தடவாமல் இருப்பதும் தப்பு. ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து இன்னும் எளிதாகக் கிழியும். பூஞ்சையாக இருந்தால் வெளியே அடங்கிய மாதிரி காட்டி உள்ளுக்குள் பரவும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கிய ஒரு கோடு ஒரு கையின் இரண்டு பக்கத்துக்கும் போதும், சுமார் அரை கிராம். அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். மாய்ஸ்சரைசரை அதோடு சேர்த்து விடாமல் தொடர வேண்டும்.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சீழ் அல்லது மஞ்சள் பொருக்கு, பரவுகிற வீக்கமும் சூடும், கையிலிருந்து மேலே ஏறுகிற சிவப்புக் கோடு, காய்ச்சல். இதில் எது இருந்தாலும் அன்றைக்கே. சர்க்கரை நோய் உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் சின்னப் பிளவையும் சும்மா விடக் கூடாது.

என் வேலையே தண்ணீரில்தான். வேலையை விடவா முடியும்?

முடியாது, எனக்குப் புரிகிறது. செவிலியர், முடி திருத்துபவர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், கட்டட வேலை செய்பவர் இவர்களுக்குத்தான் கை அதிகம் போகிறது. ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருப்பது அல்லது 20 முறைக்கு மேல் கழுவுவது தோலுக்கு ஆபத்தான அளவு என்று தொழில்சார் தோல் நோய்களைப் பார்க்கும் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். உங்கள் நாளை அப்படி எண்ணிப் பாருங்கள். ஈர வேலையையும் உலர்ந்த வேலையையும் மாற்றி மாற்றிச் செய்ய முடியுமா, கையுறையும் கிரீமும் வேலையிடத்திலேயே வைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். சலுகை கேட்கிறோமே என்று தயங்காதீர்கள், வேலையால் வந்த காயத்துக்குத்தான் பரிகாரம் கேட்கிறீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஈர வேலையை வீட்டில் உள்ள மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பகல் முழுக்க அடிபட்ட கைக்கு இரவிலாவது ஓய்வு வேண்டும்.

சரியாகிவிட்டது. இனி நிறுத்தலாமா?

பார்க்க நன்றாக இருப்பது ஒன்று, தோலின் காப்பு முழுதாகத் திரும்புவது இன்னொன்று. வெடிப்பு மறைந்து வாரங்கள் ஆன பிறகும், சிலருக்கு மாதங்கள்கூட, தோல் பழைய வலுவுக்கு வந்திருக்காது. அந்தச் சமயத்தில் கவனத்தை விட்டால் முன்பைவிடக் குறைந்த சோப்பிலேயே மறுபடி வெடிக்கும். கழுவிய பிறகு கிரீம் என்பதை நிரந்தரப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரவுக் களிம்பையும் கையுறையையும் மெதுவாகக் குறைக்கலாம். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரத்தில் இரண்டு முறை. ஒவ்வொரு வருடமும் எந்த மாதத்தில் கை வெடிக்க ஆரம்பிக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், அதற்கு இரண்டு வாரம் முன்பே இரவு வைத்தியத்தைத் திரும்பத் தொடங்கிவிடுங்கள்.